கணக்கு டீச்சரிடம் மறுபடி எப்படிப் பேச ஆரம்பிப்பது?

எல்லோருக்கும் வணக்கம். நான் 11-ஆம் வகுப்பு படிக்கிறேன். போன மாதம் கணக்கு டீச்சர் பாடம் நடத்தும்போது பின்வரிசையில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் திட்டவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, நான் நிறுத்தும்வரை அப்படியே நின்றார். அதிலிருந்து அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. சந்தேகம் வந்தாலும் கையைத் தூக்குவதில்லை. வகைநுண்கணிதத்தில் சங்கிலி விதி, அதாவது ஒரு சார்புக்குள் இன்னொரு சார்பு இருந்தால் வகையிடும் முறை, இன்னும் பிடிபடவில்லை. உள்ளே இருக்கும் சார்பை வகையிட ஒவ்வொரு முறையும் மறந்துவிடுகிறேன். அவர் நல்ல டீச்சர், தப்பு என்னுடையதுதான்.

வகுப்பு முடிந்ததும் தனியாகப் போய் மன்னிப்பு கேட்கட்டுமா? இல்லை, முதலில் நோட்டோடு போய்ச் சந்தேகம் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லட்டுமா? இங்கே ஆசிரியர்கள் இருந்தால், மாணவர் எப்படி வந்து பேசினால் உங்களுக்கு மனசு இளகும் என்று சொல்லுங்கள். திங்கட்கிழமை பேசலாம் என்றிருக்கிறேன்.