மே வெயிலில் டென்னிஸ் சிங்கிள்ஸ்: தண்ணீர் குடித்தும் கெண்டைக்கால் இழுக்கிறது

இடக்கை சர்வ்:
சென்னை, சிமென்ட் கோர்ட், மாலை 4 முதல் 6 வரை சிங்கிள்ஸ். எடை 70 கிலோ. இரண்டு மணி நேரத்துல ஒன்றரை லிட்டர் வெறும் தண்ணி குடிக்கிறேன். ரெண்டாவது செட் பாதியில கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது. அதுக்கு மேல குடிச்சா வயிறு குலுங்குது. எதை, எவ்வளவு குடிக்கணும்? இளநீர் போதுமா?

பேஸ்லைன்:
முதலில் வியர்வையை அளந்து பாருங்கள். அடுத்தவர் கணக்கு உங்களுக்கு உதவாது. ஆடப் போகும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, குறைந்த உடையில் எடை பாருங்கள். முடிந்ததும் உடம்பை நன்றாகத் துடைத்துவிட்டு அதே உடையில் மறுபடி பாருங்கள். குறைந்த எடையோடு இடையில் குடித்ததைக் கூட்டினால் வியர்வை வந்துவிடும். உதாரணமாக 70.4 கிலோ 68.6 ஆகி, 1.5 லிட்டர் குடித்திருந்தால் வியர்த்தது 3.3 லிட்டர்.

இத்தனையையும் ஆடும்போதே ஈடுகட்ட வேண்டியதில்லை, முடியவும் முடியாது. வேகமாக ஓடும்போது மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டருக்கு மேல் போனால் பலருக்கு வயிற்றில் தேங்கும். குலுங்குவது அதுதான். எடைக்குறைவு 2 சதவீதத்துக்குள், அதாவது உங்களுக்கு 1.4 கிலோவுக்குள் நின்றால் போதும். மேலே சொன்ன கணக்கில் 2 லிட்டர் குடித்தாலே சரியாகிவிடும். பக்கம் மாறும்போது கிடைக்கும் ஒவ்வொரு 90 விநாடி இடைவேளையிலும் 150 முதல் 200 மில்லி. தாகம் எடுக்கட்டும் என்று முதல் செட்டைக் கடத்திவிட்டு இரண்டாவதில் அரை பாட்டிலைக் கவிழ்ப்பதுதான் பலர் செய்யும் தப்பு. மதியம் ஒரு மணி வாக்கில் 400 மில்லி குடித்துவிடுங்கள்.

உப்புக்கல்:
அளவு சரி, ஆனால் வெறும் தண்ணீர் வேண்டாம். வியர்வையில் போகும் சோடியம் ஆளுக்கு ஆள் மாறும். கறுப்பு டிஷர்ட் காய்ந்ததும் வெள்ளைக் கோடு விழுந்தால் உங்களுக்கு அதிகம் போகிறது. ஒரு லிட்டருக்கு 50 முதல் 60 கிராம் சர்க்கரை, தலைதட்டிய கால் டீஸ்பூன் உப்பு (சுமார் 1.5 கிராம்), அரை எலுமிச்சை. ஏறக்குறைய 600 மில்லிகிராம் சோடியம் கிடைக்கும். சர்க்கரையை 80 கிராமுக்கு மேல் கொண்டுபோனால் வயிற்றில் இருந்து மெதுவாகத்தான் இறங்கும்.

இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. இது ஆட்டத்துக்கு முழு மருந்தல்ல. முடிந்த பிறகு இளநீரோ உப்புப் போட்ட நீர்மோரோ தாராளமாகக் குடிக்கலாம். மருந்துக்கடை ஓஆர்எஸ் என்றால் 21.8 கிராம் பாக்கெட்டை முழு லிட்டரில் கரையுங்கள். அரை லிட்டர் பாட்டிலில் கொட்டினால் இருமடங்கு அடர்த்தியாகி வயிற்றைக் கலக்கும்.

டிராப்ஷாட்:
எல்லாப் பிடிப்புக்கும் உப்பு மேல் பழி போடாதீர்கள். எப்போதும் ஒரே கெண்டைக்கால், அதுவும் நீண்ட ராலிக்குப் பிறகு என்றால் சதைச் சோர்வுதான் முதல் சந்தேகம். பாதத்தை முழங்கால் பக்கமாக இழுத்து அரை நிமிடம் பிடியுங்கள், விட்டுவிடும். அங்கங்கே சதை துடித்து, தொடை, கை என்று பரவினால்தான் உப்பு.

சென்னையில் ஈரப்பதம் இன்னொரு தொல்லை. வியர்வை ஆவியாகாமல் சொட்டுவதால் உடம்பு குளிராது, தண்ணீர் மட்டும் போகும். இடைவேளையில் ஐஸ் சுற்றிய துண்டைக் கழுத்தில் வையுங்கள்.

இடக்கை சர்வ்:
முடிச்சதும் எவ்வளவு?

பேஸ்லைன்:
குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர், சில மணி நேரத்தில் பிரித்து, சாப்பாட்டோடு. எடை கூடியிருந்தால் அளவுக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். அதோடு தலைவலி, குமட்டல், விரல் வீக்கம் இருந்தால் மேற்கொண்டு தண்ணீர் குடிக்காதீர்கள். பேச்சு குழறினாலோ குழப்பம் வந்தாலோ உடனே 108.