தம்பாவில் வீடு வாங்குகிறோம்: இரண்டு காப்பீட்டு கோட்டேஷனில் எதை எடுப்பது?

புதுக்குடி:
வணக்கம். ஃப்ளோரிடாவில் தம்பா பக்கம் ஒரு வீடு முடிவாகிவிட்டது. 1998-இல் கட்டியது, ஷிங்கிள் கூரை, போட்டு 11 வருடம் ஆகிறது. செப்டம்பரில் க்ளோசிங் (பணம் கட்டி வீட்டைப் பெயருக்கு மாற்றும் நாள்). காப்பீடு இல்லாமல் வங்கி பணத்தை விடாது. இரண்டு கோட்டேஷனிலும் வீட்டின் மதிப்பு 4,00,000 டாலர். ஒன்று வருடத்துக்கு 1,400 டாலர் மலிவு. ஆனால் அதில் ஹரிகேன் டிடக்டபிள் (புயல் சேதத்தில் நாமே ஏற்க வேண்டிய பங்கு) 5%, கூரைக்கு மட்டும் 'ஏசிவி' என்று போட்டிருக்கிறது. மற்றதில் 2%. வெள்ளக் காப்பீடு கட்டாயமில்லை, வெள்ள வரைபடத்தில் ஆபத்து குறைவான எக்ஸ் மண்டலம்தான் என்கிறார் ஏஜென்ட். மலிவானதையே எடுக்கலாமா?

வளைகுடாவாசி:
அவசரப்படாதீர்கள் நண்பரே. அந்த 5% சேதத் தொகையில் இல்லை, வீட்டின் காப்பீட்டு மதிப்பில். அதாவது முதல் 20,000 டாலர் உங்கள் கையிலிருந்து. 2% என்றால் 8,000. வித்தியாசம் 12,000. வருடம் 1,400 மிச்சம் பிடித்து அதை ஈடுகட்ட எட்டரை வருடம் புயலே அடிக்காமல் இருக்க வேண்டும்.

இதைவிட எனக்குப் பயம் அந்த ஏசிவிதான். தேய்மானம் கழித்த மதிப்பைத்தான் தருவார்கள். கூரை மாற்ற 24,000 ஆகிறது என்று வையுங்கள். தேய்மானம் போக 12,000 என்று கணக்குப் போட்டால், அது 20,000 டிடக்டபிளுக்குள் அடங்கிவிடும். கைக்கு ஒரு காசு வராது. புயலில் முதலில் போவதே கூரைதான். புது விலை தரும் பாலிசியாகப் பார்த்து எடுங்கள்.

புதுக்குடி:
ஒரே வருடத்தில் இரண்டு புயல் வந்தால் இரண்டு தடவை கழிப்பார்களா?

வளைகுடாவாசி:
ஃப்ளோரிடாவில் ஹரிகேன் டிடக்டபிள் காலண்டர் வருடத்துக்கு ஒன்றுதான். 2024-இல் செப்டம்பர் கடைசியில் ஹெலீன், அக்டோபர் 9-இல் மில்டன் என்று அடுத்தடுத்து வந்தன அல்லவா, அப்படி வந்தால் முதல் புயலில் நீங்கள் ஏற்ற தொகை இரண்டாவதில் கணக்கில் சேரும். அதனால் சின்னச் சேதமாக இருந்தாலும் பில்களை வைத்துக்கொண்டு கம்பெனிக்குத் தெரிவித்துவிடுங்கள்.

கடலோரத்து அக்கா:
தம்பி, வெள்ள விஷயத்தில் ஏஜென்ட் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். வீட்டுப் பாலிசி காற்றுக்கும், காற்று கூரையைப் பிய்த்து உள்ளே வரும் மழைக்கும்தான். தரையில் ஏறி வரும் தண்ணீருக்கு அதில் ஒன்றும் கிடையாது. ஹெலீன் கரையைக் கடந்தது வடக்கே வெகு தொலைவில். ஆனாலும் தம்பா வளைகுடா ஓரம் முழுக்கக் கடல் வீடுகளுக்குள் வந்தது. எக்ஸ் மண்டலம் என்றால் ஆபத்து குறைவு, அவ்வளவுதான்.

மத்திய அரசின் என்எஃப்ஐபி என்ற வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் வீட்டுக்கு 2,50,000, சாமான்களுக்கு 1,00,000 டாலர் வரை. சாமான்களைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். வெளியே தங்கும் வாடகை அதில் வராது. சாதாரணமாக 30 நாள் காத்திருக்க வேண்டும். கடனோடு சேர்த்து க்ளோசிங்குக்குள் எடுத்தால் அன்றே அமலுக்கு வரும். உங்களுக்கு அந்த வாய்ப்பு இப்போது மட்டும்தான். விற்பவரிடம் ஏற்கெனவே பாலிசி இருந்தால் அதை உங்கள் பெயருக்கே மாற்றிக்கொள்ளலாம், கேளுங்கள்.

கூரைமேல்:
வீடு புயல் காற்றை எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் விண்ட் மிட்டிகேஷன் இன்ஸ்பெக்‌ஷன் செய்தீர்களா? அட்டிக்கில் (கூரைக்கு அடியில் உள்ள பரணில்) ஏறி, கூரைச் சட்டம் சுவரோடு வெறும் ஆணியில் நிற்கிறதா, உலோகப் பட்டை சுற்றிக் கட்டியிருக்கிறதா என்று படம் எடுப்பார்கள். நான்கு பக்கமும் சரியும் கூரை, புயல் ஷட்டர் இருந்தால் அதற்கும் தள்ளுபடி. உங்களுடையது 2002 கட்டட விதிக்கு முந்தைய வீடு. இந்த அறிக்கை இல்லாமல் கோட்டேஷன் போட்டிருந்தால் பிரீமியம் கணிசமாக இறங்கலாம். அறிக்கை 5 வருடம் செல்லும், விற்பவரிடமே இருக்கக்கூடும்.

புதுக்குடி:
ரொம்ப நன்றி அக்கா, நண்பர்களே. 2% பாலிசியும் வெள்ளமும் எடுக்கிறேன். அறிக்கையையும் கேட்டிருக்கிறேன். க்ளோசிங் வாரத்தில் பணம் கட்டினால் போதுமா?

கடலோரத்து அக்கா:
வேண்டாம் தம்பி. புயல் எச்சரிக்கை வந்த உடனே கம்பெனிகள் புதுப் பாலிசி போடுவதை நிறுத்திவிடும், க்ளோசிங்கும் தள்ளிப்போகும். அமல் தேதியை க்ளோசிங் நாளாகப் போட்டு இப்போதே எழுதி வாங்கி, நகலை வங்கிக்கும், க்ளோசிங்கை நடத்தும் டைட்டில் கம்பெனிக்கும் அனுப்பிவிடுங்கள்.