அரசுப் பள்ளிகளுக்குக் குழுவாகப் போய்ப் பேச அனுமதி, நேரம், உள்ளடக்கம்: வழி சொல்லுங்கள்

திண்டிவனம்_குழு:
வணக்கம். கல்லூரியில் படிப்பவர்களும் வேலைக்குப் போகிறவர்களுமாக 12 பேர் இருக்கிறோம். விழுப்புரம் மாவட்ட அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு, பிளஸ் ஒன் பிள்ளைகளைச் சந்தித்து, மேலே படிக்க ஊக்கம் தரும்படி பேச ஆசை. ஆகஸ்டில் தொடங்கலாமா? அனுமதி யாரிடம் வாங்குவது? ஒரு நாளில் மூன்று பள்ளி முடியுமா? கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் என்ன செய்தால் மனதில் நிற்கும்?

ஏரிக்கரை:
முதலில் அனுமதி. ஹெச்எம்மைத் தெரியும் என்பதற்காக நேரே உள்ளே போகாதீர்கள். சென்னை அரசுப் பள்ளியில் நடந்த ஒரு பேச்சு 2024 செப்டம்பரில் பெரிய சர்ச்சையான பிறகு, வெளியாட்கள் என்றாலே தலைமையாசிரியர்கள் தயங்குகிறார்கள். அது நியாயம்தான். முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். குழுவினர் பெயர், அடையாள அட்டை நகல், போகும் பள்ளிகள், தேதி ஆகியவற்றோடு என்ன பேசப் போகிறீர்கள் என்பதை வரிவரியாக ஒரு பக்கத்தில் எழுதி இணையுங்கள். மதம், கட்சி, பொருள் விற்பனை, கோச்சிங் சென்டர் விளம்பரம் எதுவும் இருக்காது என்று எழுத்தில் கொடுங்கள். ஒப்புதல் வந்ததும் அதன் நகலோடு ஹெச்எம்மைப் பாருங்கள்.

ஆகஸ்ட் நல்ல மாதம். சுதந்திர தின ஒத்திகை நடக்கும் வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வந்துவிடும். ஜனவரிக்கு மேல் பிராக்டிகல், ரிவிஷன் என்று யாருக்கும் நேரம் இருக்காது.

மூன்று பள்ளி வேண்டாம். காலையில் ஒன்று, மதிய உணவுக்குப் பின் ஒன்று, இரண்டுக்கும் நடுவே 15 கிலோமீட்டருக்குள். மூன்றாவது பள்ளிக்குப் போய்ச் சேரும்போது கடைசி பீரியட் ஓடிக்கொண்டிருக்கும், ஊர் பஸ்ஸைப் பிடிக்கப் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

கரும்பலகை:
பிரேயர் மைதானத்தில் 300 பேரை உட்காரவைத்து மைக்கில் பேசுவதை மட்டும் செய்யாதீர்கள். பின்வரிசைக்குக் கேட்காது, வெயில் ஏறும், கேள்வி கேட்க எந்தப் பிள்ளையும் எழுந்திருக்காது. வகுப்பறைக்குப் போங்கள். 40, 50 பேர் இருக்கும் வகுப்புக்கு உங்களில் இருவர்: ஒருவர் பேச, இன்னொருவர் பலகையில் எழுத. இரண்டு பீரியட் சேர்த்துக் கேளுங்கள்.

முந்தின நாளே ஹெச்எம்மிடம் ஒரு அட்டைப் பெட்டியும், ஏ4 தாளை நான்காக வெட்டிய துண்டுகளும் கொடுத்துவிடுங்கள். பெயர் எழுதாமல் ஆளுக்கு ஒரு கேள்வி. காலையில் சீட்டுகளைப் பிரித்தால் அந்தப் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் ஃபீஸ், ஹாஸ்டல், 'வீட்டில் அனுப்ப மாட்டார்கள்', 'இங்கிலீஷ் வராது' என்றுதான் இருக்கும். 'முயன்றால் முடியும்' என்ற பேச்சு இவற்றில் ஒன்றுக்கும் பதில் ஆகாது. கைதட்டு கிடைக்கும், அவ்வளவுதான்.

ஆகவே பணத்திலிருந்து தொடங்குங்கள். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐடிஐயிலோ சேர்ந்தால் பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். இந்தத் தொகைகளைப் பலகையில் எழுதிக் கூட்டிக் காட்டுங்கள். வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

பேச ஆள் எடுக்கும்போது ஐஐடி, ஐஏஎஸ் என்று தேடாதீர்கள். அதே மாவட்டத்து அரசுப் பள்ளியில் படித்து நர்சிங், டிப்ளமோ, ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள் போதும். எந்த பஸ், ஹாஸ்டலில் என்ன சாப்பாடு, முதல் செமஸ்டரில் இங்கிலீஷை எப்படிச் சமாளிப்பது என்று அவர்களால்தான் சொல்ல முடியும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கண்ணை மூடச் சொல்லி, அம்மா அப்பா படும் கஷ்டத்தை விவரித்துப் பிள்ளைகளை அழவைக்கும் வழக்கம் பல குழுக்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அந்த அறையில் அப்பாவை இழந்த பிள்ளை இருக்கும், அடி வாங்கிவிட்டு வந்த பிள்ளையும் இருக்கும். அழுகை ஊக்கம் ஆகாது. 'அப்பா இல்லாதவர்கள் கை தூக்குங்கள்' என்ற கேள்வியும் அப்படித்தான்.

திண்டிவனம்_குழு:
ரொம்ப நன்றி. சீட்டில் வீட்டுப் பிரச்சினை, தொந்தரவு பற்றி எழுதியிருந்தால் என்ன செய்வது? போட்டோ எடுக்கலாமா?

வேப்பமரம்:
பாலியல் தொந்தரவு என்று தெரிந்தால் அதை உங்களுக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098க்கும் அழையுங்கள். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாத வாக்கு அது. துருவித் துருவி விசாரிக்கவும் வேண்டாம், அது உங்கள் வேலை இல்லை. சீட்டை வகுப்பில் படிக்காதீர்கள், கையெழுத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பள்ளி ஆசிரியர் ஒருவர் எப்போதும் அறையில் இருக்கட்டும். எந்தப் பிள்ளையிடமும் போன் நம்பர் வாங்காதீர்கள், கொடுக்கவும் வேண்டாம். போட்டோ தேவைப்பட்டால் பலகையை எடுங்கள், முகங்களை வேண்டாம்.

கரும்பலகை:
கிளம்பும் முன் ஆளுக்கு ஒரு பக்கத் தாள் கொடுங்கள்: சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு. இதில் அதிகம் சிக்குவது பெயர்தான். ஆதாரில் ஓர் இனிஷியல், பள்ளிப் பதிவேட்டில் வேறு இனிஷியல் என்று இருந்தால் உதவித்தொகை நின்றுபோகும். பிளஸ் ஒன்னிலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னால் திருத்த ஒரு வருடம் கிடைக்கும். வருமானச் சான்றை மட்டும் சீக்கிரம் வாங்கச் சொல்லாதீர்கள், விண்ணப்பிக்கும் நேரத்தில் காலாவதியாகிவிடும்.

அதே பள்ளியில் எட்டாம் வகுப்பும் இருந்தால் பத்து நிமிடம் அங்கேயும் போய், மத்திய அரசு உதவித்தொகைக்கான என்எம்எம்எஸ் தேர்வைச் சொல்லிவிட்டு வாருங்கள். பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். உதவித்தொகைக்குத் தேர்வானால் ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை வருடத்துக்கு 12,000 ரூபாய்.