ஆங்கிலப் பேச்சுப் பரீட்சையில் எங்கே நிறுத்துவது?

நிலாவெளித் தாதி:
ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையின் பேச்சுப் பகுதியில் இரண்டு தடவையும் எனக்கு 9 இற்கு 6.5 தான் கிடைத்தது. பிரித்தானியாவில் தாதியாகப் பதிவு பெறுவதற்குப் பேச்சில் 7 வேண்டும். திருகோணமலை நகரில் நான் படிக்கும் ரியூசன் வகுப்பில், ஒரு விநாடிக்கு மேல் வாயை மூடக் கூடாது, சொல் வராவிட்டால் "தற்ஸ் எ வெரி இன்ரரெஸ்ரிங் குவெஸ்சன்" என்று தொடங்கிவிட வேண்டும் என்கிறார்கள். இது சரியான வழியா?

துறைமுகத்தான்:
சரியான வழிதான், தங்கச்சி. பரீட்சை முழுவதும் 11 முதல் 14 நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். நீங்கள் ஆழமாகச் சிந்திக்கிறீர்களா, சொல் தெரியாமல் தவிக்கிறீர்களா என்பது பரீட்சகருக்குத் தெரியாது; அவருக்குக் கேட்பது மௌனம் மட்டுமே. குறிப்பிடத்தக்க இடைநிறுத்தம் இல்லாமல் பதில் சொல்ல இயலாதவர் என்பது புள்ளியிடும் அளவுகோலில் 4 ஆம் தரத்துக்குரிய வர்ணனை. வீட்டிலும் வேலையிலும் ஆங்கிலம் கதைக்க வாய்ப்பில்லாத நம் பிள்ளைகளுக்கு அந்த மனப்பாட வாசகம் ஓர் ஊன்றுகோல். அதையும் பறித்தால் அவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள்?

உவர்மலை ஆசிரியை:
4 ஆம் தரத்தைக் காட்டிய தம்பி, 9 ஆம் தரத்தையும் வாசித்திருக்கலாம். அங்கே தயக்கமே இருக்கக் கூடாது என்று எழுதப்படவில்லை. அடுத்துச் சொல்லப்போகும் கருத்தைத் திரட்டுவதற்காகத் தயங்கலாம், சொல்லையோ இலக்கணத்தையோ தேடுவதற்காகத் தயங்கக் கூடாது என்பதே அதன் பொருள். ஆகவே பரீட்சகர் உங்கள் மௌனத்தின் காரணத்தைக் கவனிக்கிறார், அந்தக் காரணத்தை அது விழும் இடமே காட்டிக்கொடுத்துவிடுகிறது. "ஐ வென்ற் ரு தெ மார்க்கெற்" என்று முடித்து ஒரு விநாடி நிறுத்திப் பிறகு "பிகோஸ்" என்று தொடர்பவர் யோசிப்பவராகத் தெரிவார். "ஐ வென்ற் ரு தெ" என்று அதே ஒரு விநாடி நிறுத்துபவர் சொல்லுக்காகத் தடுமாறுபவராகத் தெரிவார்.

நம்மவர்கள் அந்த இடத்தில் ஏன் நிற்கிறார்கள் என்பதற்கு நம் மொழியே விளக்கம் தருகிறது. "நேற்று மழை பெய்ததால் மீன் வாங்கச் சந்தைக்குப் போகவில்லை" என்னும்போது, போனோமா இல்லையா என்பது கடைசிச் சொல்லில்தான் தெரியவருகிறது. அதுவரை வினையைக் கைக்குள் வைத்துக்கொண்டே பேசலாம். ஆங்கிலத்திலோ "ஐ" என்று வாய் திறந்த அடுத்த கணமே "டிடின்ற் கோ" வந்தாக வேண்டும். வினையைத் தீர்மானிக்காமல் வாக்கியத்தைத் தொடங்கியவர் நடுவழியில் நிற்கத்தான் வேண்டும். "ஐ" என்பதற்கு முன்னே நிறுத்துங்கள் என்பதே என் மாணவர்களுக்கு நான் சொல்வது. காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்று பள்ளியில் படித்த நமக்கு, நிறுத்தமும் பேச்சின் பகுதி என்பதை யாரும் புதிதாகக் கற்பிக்கத் தேவையில்லை.

துறைமுகத்தான்:
கேட்க நன்றாக இருக்கிறது, ரீச்சர். ஆனால் பயத்தில் கை நடுங்கும் ஒருவர், எங்கே நிறுத்துவதென்று தெரிவு செய்துகொண்டா நிறுத்துவார்? மௌனம் தானாக வந்து விழும். அதோடு, கணினியில் நடக்கும் பி.ரி.ஈ. என்ற இன்னொரு ஆங்கிலப் பரீட்சையில் சத்தமாக வாசிக்கும் பகுதியில் 3 விநாடி பேசாமலிருந்தால் ஒலிப்பதிவு நின்றுவிடுகிறது. அங்கே போய் மாத்திரை எண்ண முடியுமா?

உவர்மலை ஆசிரியை:
பி.ரி.ஈ. பற்றி நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. இயந்திரத்தின் முன் நீண்ட மௌனம் ஆபத்துத்தான். ஆனால் தங்கச்சி கேட்டது ஒரு மனிதர் முன்னால் அமர்ந்து பேசும் பரீட்சையைப் பற்றி. அந்த மனப்பாட வாசகத்தை மழைபோல் பொழிந்துவிட்டு அடுத்த சொல்லில் தடக்கி விழுபவருக்கு, இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடே பாதகமாகிறது. அது கடன் வாங்கிய நகை. மற்ற உடுப்போடு ஒட்டாது.

கிண்ணியா மாணவன்:
"அ", "அம்" என்று இழுப்பதும் குற்றமா? ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அப்படி இழுக்கிறார்களே.

உவர்மலை ஆசிரியை:
அளவோடு என்றால் குற்றமில்லை. "அ" குறுகிய தாமதத்துக்கும் "அம்" நீண்ட தாமதத்துக்கும் முன்னறிவிப்பாக வருகின்றன என்று கிளார்க், ஃபொக்ஸ் ட்ரீ என்ற இரு ஆய்வாளர்கள் 2002 இல் எழுதினார்கள். ஆங்கில வாக்கியத்தின் நடுவே நம்முடைய "வந்து", "என்னெண்டால்" நுழைவதுதான் காதில் உறுத்தும்.

நிலாவெளித் தாதி:
நேற்றிரவு, கொடுத்த தலைப்பில் தனியாகப் பேசும் இரண்டாம் பகுதிக்கான இரண்டு நிமிடப் பேச்சைக் கைபேசியில் பதிந்து கேட்டேன். நான் நின்ற இடங்களில் பெரும்பாலானவை "தெ", "ரு" ஆகியவற்றுக்குப் பின்னால்தான் இருந்தன. இன்னொன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: "இன்ரரெஸ்ரிங்" வாசகத்தை முடித்த பிறகுதான் எல்லாவற்றிலும் நீளமான மௌனம். தயாராவதற்குத் தரும் ஒரு நிமிடத்தில் தாளில் எதை எழுதுவது, ரீச்சர்? இதுவரை பெயர்ச்சொற்களைத்தான் எழுதிவந்தேன்.

உவர்மலை ஆசிரியை:
வினைச்சொற்களை எழுதுங்கள், அதுவும் எந்தக் காலத்தில் சொல்லப்போகிறீர்களோ அந்த வடிவத்திலேயே. ஐந்து வினைகள் போதும். பெயர்கள் தாமாக வரும்.

துறைமுகத்தான்:
எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனாலும் "லெற் மீ திங்க்" என்ற ஒன்றையாவது கைவசம் வைத்துக்கொள்ளுங்கள், தங்கச்சி. மூன்றாம் பகுதியில் என்ன கேட்பார்கள் என்று ரீச்சராலும் சொல்ல முடியாது.

உவர்மலை ஆசிரியை:
ஒரு தடவை சொல்லலாம். இரண்டாவது தடவை சொன்னால் நானே புள்ளியைக் குறைப்பேன்.