மறு: 'ரீகிளெய்ம்ட் வாட்டர்' – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

வறண்ட நிலத்து நகரங்களின் குடிநீர் மேலாண்மை பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். நான்காம் இயலை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். அதில் 'ரீகிளெய்ம்ட் வாட்டர்' என்ற சொல் வருகிறது; சாக்கடைக்குப் போன நீரைக் குடிக்கும் தரத்துக்குக் கொண்டுவந்து மறுபடி வழங்குவதுதான் இயலின் பொருள். இதுவரை 'சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர்' என்று எழுதினேன். எவ்வளவு சுத்திகரித்தாலும் பெயரின் கடைசியில் கழிவுநீர்தான் நிற்கிறது. இயலின் வாதத்தை அதன் சொல்லே தோற்கடிக்கிறது. ஆஸ்திரேலியாவின் டூவூம்பாவில் 2006இல், கடும் வறட்சிக்கு நடுவே, இப்படியொரு திட்டத்தை வாக்கெடுப்பில் 60 விழுக்காட்டுக்கும் மேலானோர் நிராகரித்தார்கள். நமீபியாவின் வின்தூக்கில் 1968 முதல் குடித்து வருகிறார்கள். உதவுங்கள்.

* * *

'மீள்' என்பதிலிருந்து தொடங்கலாம். மீண்ட நீர், மீள்கின்ற நீர், மீளும் நீர் என முக்காலமும் அடங்கிய வினைத்தொகை. வடிந்து, தெளிந்து, திரும்பத் திரும்பக் குழாய்க்கு வரும் நீருக்கு இதைவிடப் பொருந்திய தொகை எனக்குத் தோன்றவில்லை. ஆனால் வாள் + நுதல் = வாணுதல், தாள் + நிழல் = தாணிழல் ஆவதுபோல இது மீணீர் ஆகும். 'மீள்நீர்' என்று பிரித்து எழுதுவதை என்னால் ஏற்க இயலாது.

* * *

> இது மீணீர் ஆகும்

புலவர் ஐயா, பொறுத்தருள வேண்டும். மீணீர் என்று பலகையில் எழுதினால் என் மாணவர்கள் மீனைத் தேடுவார்கள். குடிநீர், ஊற்றுநீர் எல்லாம் காதில் விழுந்ததும் விளங்குபவை. 'மறுபயன்பாட்டு நீர்' என்றால் போதாதா? கொஞ்சம் நீளம், அவ்வளவுதானே.

* * *

ஆசிரியை அம்மாவுக்கு: நீளம் மட்டும் சிக்கல் இல்லை. பூங்காவுக்குப் பாய்ச்சுவதும் மறுபயன்பாட்டு நீர்தான். அதற்குக் குடிநீர் அளவுக்குச் சுத்திகரிக்க வேண்டியதில்லை. குடிக்கத் தருவதற்குப் பல இடங்களில் நுண்வடிப்பு, ஆர்.ஓ. (நீரை அழுத்தத்தோடு சவ்வு வழியே செலுத்தி உப்பை நீக்குவது), புற ஊதாக் கதிர் மூன்றும் வேண்டும். (வின்தூக்கில் ஆர்.ஓ. இல்லை, ஓசோனும், மாசை ஈர்த்துக்கொள்ளும் கரியான ஆக்டிவேட்டட் கார்பனும், மீநுண் வடிப்பும் அந்த வேலையைச் செய்கின்றன.) இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் தோட்டக் குழாயில் யாராவது வாய் வைப்பார்கள்.

புலவர் ஐயாவின் 'மீள்' தன்வினை. நீர் தானாக மீளவில்லை, நாம் மீட்கிறோம். 'மீட்புநீர்' என்றால்தான் அதற்குப் பின்னால் இருக்கும் மின்சாரமும் உழைப்பும் தெரியும். மழை பொய்த்தால் அணை வற்றும்; நகரம் இருக்கும்வரை வடிகால் வற்றாது. மழையை நம்பாமல் கிடைப்பவை கடலும் வடிகாலும்தான். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, நகர வடிநீரில் பெரும்பாலும் ஒரு கிராம் அளவே. உப்பு கூடக் கூடச் சவ்வில் கொடுக்க வேண்டிய அழுத்தமும் கூடும். மின்செலவில் இவ்வளவு மலிவான ஊற்றைக் 'கழிவு' என்று ஒதுக்குவது எனக்கு வேதனை.

* * *

மீட்புநீர் என்றதும் வெள்ளத்தில் மீட்புப்படகுதான் நினைவுக்கு வருகிறது. 'தேறுநீர்' என்று பார்ப்போமா? தேறுதல் என்றால் தெளிதல். நோயிலிருந்து எழுதலும் தேறுதல்தான். கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டையால் தெளியவைப்பதைக் கலித்தொகை உவமையாக்கியிருக்கிறது. தேற்றா என்று மரத்தின் பெயரிலேயே நீர்ச் சுத்திகரிப்பை வைத்திருக்கும் மொழியில் வேறெங்கே போய்த் தேடுகிறோம்?

* * *

நல்ல வேர்தான். ஆனால் 'தேறல்' என்றால் சங்கப் பாட்டில் கள்ளின் தெளிவு என்பதையும் மறக்கலாகாது.

இன்னொன்று. 'கழிவு' என்ற சொல்லை எல்லோரும் இழிவாக எண்ணுவது வருத்தம் தருகிறது. கழிதல் என்றால் கடந்துபோதல். உரிச்சொல்லாக வரும்போது மிகுதி: சால, உறு, தவ, நனி, கூர், கழி. கழிபேருவகை என்றால் பேருவகையிலும் மிக்கது. கழிவுநீர் என்பது நம்மைக் கடந்துபோன நீர், அவ்வளவே. சொல்லைக் குற்றம் சொல்லாமல் பொருளைக் கற்பிப்போம்.

* * *

ஐயா, அதைக் கற்பித்து முடிப்பதற்குள் அணை வற்றிவிடும். தேறுநீரும் வேண்டாம், வேகமாகச் சொன்னால் தேநீர்.

* * *

அனைவருக்கும் நன்றி. மீள்நீருக்கு நான்கு பேர், தேறுநீருக்கு இருவர். 'மீள்நீர்' என்றே கோத்து, முதல் இடத்தில் 'குடிக்கும் தரத்துக்கு மீட்கப்பட்ட நீர்' என்று விளக்கம் தருகிறேன். பூங்காவுக்குப் போவதை 'பாசன மறுபயன்பாடு' என்று பிரித்துவிட்டேன். மீணீரைச் சொல்லடைவில் சேர்க்கிறேன், புலவர் ஐயா.

குழாயில் நேரே கலப்பது நேரடி வழங்கல், கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் 2008 முதல் செய்வதுபோல நிலத்தடியில் செலுத்திப் பின் எடுப்பது மறைமுக வழங்கல் என்று எழுதலாம்தானே?

* * *

'மறைமுக' வேண்டவே வேண்டாம். மக்களுக்குத் தெரியாமல் கலந்து கொடுப்பதுபோல் ஒலிக்கிறது. நம்பிக்கை இல்லாமல்தான் இத்திட்டங்கள் விழுந்திருக்கின்றன. 'நிலம்வழி' என்று எழுதுங்கள்.

* * *

நீர்த்தேக்கத்தில் கலப்பதும் அதே வகையில்தான் வருகிறது. அதை எப்படி நிலம்வழி என்பது?

* * *

'இடைத்தங்கல்' வழங்கல்? புலவர் ஐயா, நாளை மாலைக்குள் பார்த்துச் சொல்ல முடியுமா?