மேரியட்டின் கடல் நாவல்களை இன்றும் படிக்கத்தான் வேண்டுமா?

கடலோடி:
கடல் நாவல் என்றாலே எல்லாரும் பேட்ரிக் ஓ'பிரையனைத்தான் சொல்கிறீர்கள். நான் ஃபிரெடரிக் மேரியட்டைத்தான் முதலில் வைப்பேன். 1806-இல், பதினான்கு வயதில் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்து, காக்ரேன் பிரபு கேப்டனாக இருந்த 'இம்பீரியூஸ்' கப்பலில் நெப்போலியன் காலச் சண்டைகளை நேரில் கண்டவர் அவர்.

நூலகவாசி:
நேரில் கண்டவரெல்லாம் நாவலாசிரியர் ஆகிவிட முடியுமா? மேரியட்டின் 'பீட்டர் சிம்பிள்' நாவலைப் படித்தேன். ஒரு சம்பவம், அப்புறம் இன்னொன்று, நடுவில் யாராவது உட்கார்ந்து தன் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார். கடைசியில் பட்டமும் சொத்தும் கைக்கு வர, கல்யாணம். ஓ'பிரையன் கடற்படை அதிகாரியாக இருந்ததே இல்லை. பழைய ஆவணங்களைத் தோண்டித் தோண்டியே கேப்டன் ஆப்ரி, கப்பல் மருத்துவர் மட்டூரின் என்று இரண்டு முழு மனிதர்களைப் படைத்தார்.

கடலோடி:
அந்த ஆப்ரிக்கே முன்மாதிரி காக்ரேன்தான், நண்பரே. 'பீட்டர் சிம்பிள்' பத்திரிகைத் தொடராக வந்தது, அதனால் கதைக்கோப்பு தளர்ந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் புயல் கப்பலைக் கரைப்பக்கம் தள்ளும் இடத்தை மறுபடி படியுங்கள். எதிரே பாறை. சாதாரணமாகத் திருப்ப இடம் போதாது. கேப்டன் சாவேஜ் நங்கூரத்தைப் போடச் சொல்கிறார். அது பிடித்து இழுத்ததும் கப்பலின் முகம் காற்றை நோக்கித் திரும்புகிறது. அந்த நொடியில் வடத்தை வெட்டி, நங்கூரத்தைக் கடலிலேயே விட்டுவிட்டு, பாய்களை மறுபக்கம் திருப்பி வெளியேற வேண்டும். ஒரு கட்டளை தாமதித்தால் அத்தனை பேரும் போனார்கள். கேப்டனோ பதறுவதே இல்லை. அந்த நிதானம் தளத்தில் நின்றவருக்குத்தான் தெரியும்.

வேணி:
அந்த அத்தியாயம் அருமை, மறுக்கவில்லை. எனக்கு இடறுவது மேரியட்டின் இன்னொரு நாவலான 'மிஸ்டர் மிட்ஷிப்மேன் ஈசி'யில் வரும் மெஸ்டி. மேற்கு ஆப்பிரிக்காவின் அசாந்தி இளவரசன், அடிமையாக விற்கப்பட்டவன். அவனுடைய பேச்சைச் சிரிப்புக்கே பயன்படுத்துகிறார். முடிவில் அவன் கதாநாயகன் ஈசியிடம் ஊழியம் பார்க்கிறான். சமத்துவம் பேசும் ஈசியின் அப்பா பைத்தியக்காரராகிறார். மேரியட்டின் சொந்த அப்பா கிரெனடா தோட்ட முதலாளிகளுக்காக நாடாளுமன்றத்தில் அடிமை முறையை ஆதரித்தவர். அந்த வீட்டுப் பார்வை நாவலில் இருக்கிறது.

கடலோடி:
இருக்கிறது. அதே நாவலில் ஆபத்து வரும்போதெல்லாம் வழி கண்டுபிடிப்பவனும் மெஸ்டிதான். ஆட்களைப் பலவந்தமாகக் கடற்படைக்குப் பிடித்துப்போவதை எதிர்த்து, 1822-இல், பணியில் இருக்கும்போதே துண்டு நூல் எழுதியவர் மேரியட். அவரை ஒரே பக்கமாகத் தள்ளிவிட முடியாது.

வேணி:
வெள்ளை மாலுமிகளின் விடுதலைக்கு எழுதியவர், மெஸ்டிக்கு ஏன் ஒரு கப்பல் கொடுக்கவில்லை? அதற்குப் பதில் வேண்டும்.

நூலகவாசி:
புயல் அத்தியாயத்தை மறுபடி படிக்கிறேன். ஆனால் ஒரு நல்ல அத்தியாயத்துக்காக மூன்று பாக நாவலைப் புதிய வாசகரிடம் நீட்ட மாட்டேன்.