குடும்பக் குழுவில் பரண் விவகாரம்

அண்ணன்: அம்மா, பரணில் 14 ஹார்லிக்ஸ் பாட்டில், கைப்பிடி போன குக்கர் 2. பழைய இரும்புக்காரர் தெருமுனையில் நிற்கிறார். போட்டுவிடவா?

அம்மா: ஒன்றையும் தொடாதே. ஊறுகாய்க்கு வேண்டும்.

நான்: அண்ணா, இரு. பெய்ஜிங்கில் சோங் டோங் என்று ஒரு கலைஞர். அவர் அம்மாவும் இப்படித்தான். 50 வருடமாகச் சேர்த்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சாமான்களை 2005-இல் அப்படியே காட்சிக்கு வைத்தார். 2009-இல் அது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் வரை போனது.

அண்ணன்: குப்பையா?

நான்: தீர்ந்துபோன பேஸ்ட் டியூப், மூடி, செருப்பு, துணி, பழைய வீட்டின் மரச்சட்டம்கூட. வகைவகையாகத் தரையில் பரப்பி.

அம்மா: அந்தம்மா எதற்குச் சேர்த்தார்களாம்?

நான்: ரேஷன் காலம் அம்மா. சோப்புக்குக்கூட அளவு. பிள்ளைகளுக்குப் பின்னால் கிடைக்காதோ என்று சேர்த்துவைத்த சோப்பு காய்ந்து கல்லாகிவிட்டது. மகனுக்குக் கல்யாணமான காலத்தில் அவர் வீட்டில் வாஷிங் மெஷின்!

அம்மா: 😂 அந்த வலி எனக்குத் தெரியும்.

சித்தப்பா: அடுக்கி வைத்தால் கலையா? வரையத் தெரியுமா அவருக்கு?

நான்: எண்ணெய் வண்ண ஓவியம் படித்தவர் சித்தப்பா, 1989-இல் பட்டம். அப்புறம் வீடியோ, நிகழ்த்துகலை என்று போய்விட்டார். 1996-இல் ஒரு குளிர் இரவு, தியானன்மென் சதுக்கத்தில் குப்புறப் படுத்து 40 நிமிடம் தரைமேல் மூச்சு விட்டார். மூச்சு பட்ட இடத்தில் மெல்லிய பனி உறைந்தது. அதையே உறைந்த ஏரி மேல் செய்தார். அங்கே ஒன்றுமே ஆகவில்லை.

சித்தப்பா: சளி பிடித்திருக்கும்.

அண்ணி: காசு செலவில்லாத கலை 👏

நான்: இன்னொன்று கேளுங்கள் அண்ணி. சின்ன வயதில் காகிதம் வாங்க வசதியில்லை, அதனால் அப்பா அவரைத் தண்ணீர் தொட்டுக் கல்லில் எழுதிப் பழகச் சொன்னாராம். 1995-இலிருந்து டைரியையே அப்படித்தான் எழுதுகிறார். காய்ந்ததும் எழுத்து போய்விடும். எனக்கு அவர் செய்ததில் மிகப் பிடித்தது இதுதான்.

அண்ணி: சாமான் கண்காட்சிக்கு அந்தம்மா எப்படிச் சம்மதித்தார்கள்?

நான்: 2002-இல் அப்பா இறந்ததும் அந்தம்மா இன்னும் அதிகமாகச் சேர்த்து வீட்டை நிரப்பிவிட்டார். துக்கத்திலிருந்து வெளியே கொண்டுவர மகன் கண்டுபிடித்த வழி இது. அந்தம்மாவே அடுக்கினார், பார்க்க வந்தவர்களிடம் பேசினார். மேலே நியான் விளக்கில், 'அப்பா, கவலைப்படாதீர்கள், அம்மாவும் நாங்களும் நன்றாக இருக்கிறோம்' என்று எழுதியிருக்கும். 2009-இல் அவரும் போய்விட்டார். அதற்குப் பிறகு அடுக்குவதற்கு மகனின் சகோதரியும் மனைவியும் கைகொடுத்தார்கள். மனைவியும் பெயர் பெற்ற கலைஞர்தான், பெயர் யின் ஷியூசென்.

அண்ணன்: சரி, இரும்புக்காரரை அனுப்பிவிட்டேன்.

அம்மா: 14 என்றாயே? 16 இருக்க வேண்டும். மீதி 2 எங்கே?